பின்னல் கட்டாத தலை

அண்ணை,

உங்கள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகம் என் மடியில் கிடக்கிறது. முப்பத்தோராம் நாள் சாப்பிட்டு எழும்பின எல்லோர் கையிலும் ஒவ்வொன்று வைத்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது என்று தெரிந்தும் எனக்கும் ஒன்று தந்தார்கள். அட்டையில் உங்கள் படம், படத்தைச் சுற்றிக் குத்துவிளக்கும் பூவும். திறந்தால் புது மையின் வாசம் மண்ணெண்ணெய் மாதிரி மூக்கில் ஏறுகிறது. பேத்தி வதனியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். குடும்பத்துக்குக் குடையாக நின்றவர் என்று வாசித்தாள். பெண்பிள்ளைகளைக் கண்ணின் மணி போலக் காத்தவர் என்று வாசித்துவிட்டு நிறுத்தி, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மிச்சத்தையும் வாசிக்கட்டோ அப்பு?"

"காணும். மூடு."

மூடியும் அந்த வாசம் போகவில்லை. செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்று ஊரில் ஒரு முறை உண்டு. ஊர் அந்த முறையைச் செய்து முடித்துவிட்டது. மிச்சத்தை நான் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல வதனி எழுதுகிறாள். என் வாயில் வருகிறபடி எழுதினால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்களாம், அதனால் திருத்தி எழுதுகிறாள். ஒரு கெட்ட சொல்லை மட்டும் எழுதவே மாட்டேன் என்று பேனையைக் கீழே வைத்துவிட்டாள். அது எந்தச் சொல் என்று உங்களுக்குத் தெரியும். உங்களிடமிருந்து கற்றதுதான்.

இப்போதும் 'நீங்கள்' என்றுதான் வருகிறது. அதை மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். அது அம்மா பழக்கிய வாய்.

நாங்கள் முகாமில் இருந்து திரும்பி வந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊரில் வீடு என்று சொல்ல ஒன்றும் நிற்கவில்லை. நிவாரணமாகத் தந்த தகரத்தை நாலு கம்பில் போட்டுக்கொண்டு, நானும் என் மகள் மலரும் அவள் பெற்ற வதனியும் இருந்தோம். வதனியின் தகப்பன் கடைசிச் சண்டையில் போய்விட்டான். கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் கிடந்தது, வயலில் பற்றை கிடந்தது. அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினைந்து வயது. தலையில் விரல் நீளத்துக்கு மயிர்.

அந்த மயிரை வெட்டியது மலர்தான். முகாமில் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு குடும்பமே குளிக்க வேண்டும். பிள்ளையின் தலை முழுக்கப் பேன், பிடரியெல்லாம் புண். பக்கத்துக் கொட்டிலில் கத்தரிக்கோல் இரவல் வாங்கி ஒட்ட வெட்டினாள். உங்களை வேறு பக்கத்து முகாமில் போட்டிருந்ததால் நீங்கள் அதைக் காணவில்லை. வதனிக்குக் காதுகள் இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், எங்கள் அப்பாவின் காது. மயிர் இருந்தவரை மறைந்து கிடந்தது. வெட்டியதும் முகாமில் பெடியள் அவளுக்கு 'அகப்பை' என்று பட்டம் வைத்தார்கள். அதற்குப் பிறகு துவாயைத் தலையில் போடாமல் அவள் வெளியே வந்ததில்லை. சாப்பாட்டு வரிசையிலும் துவாய், வெயிலிலும் துவாய்.

ஊருக்கு வந்தபின் ஆளில்லாத வளவு ஒன்றுக்குள் மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்று கண்டெடுத்தாள். ஓரம் உடைந்தது. அதைத் தகரக் கொட்டிலின் கம்பில் கட்டினாள். முதலில் அதற்கு முன்னால் நின்று அழுவாள். பிறகு பிறகு, அழாமல் பார்ப்பாள். தலையை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, வயல்காரன் வரம்பைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். ஒரு நாள் தானே கத்தரிக்கோல் எடுத்து முன்மயிரைச் சரித்து வெட்டிக்கொண்டாள். நிவாரணத்தில் வந்த ஆம்பிளைச் சேட்டு ஒன்றை முழுக்கப் பிரித்து, கையால் தைத்து, இடுப்புப் பிடித்த சட்டையாக்கினாள். மண்ணுக்குள் கிடந்த நிற நிற வயர்களை இழுத்தெடுத்து வளையமாக வளைத்துக் காதில் போட்டாள். ஒவ்வொன்றும் போத்தல் மூடியை விடப் பெரிது.

"பிள்ளை, அந்தக் காதுக்கு ஏனடி இவ்வளவு பெரிய வளையம்?" என்று கேட்டேன்.

"தெரியத்தானே போகுது அப்பு. வடிவாத் தெரியட்டும்."

அன்றைக்குத் துவாயைக் கழுவிக் கொடியில் போட்டாள். பிறகு அதை முகம் துடைக்க மட்டும்தான் எடுத்தாள்.

அந்தக் கிழமைதான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். மூட்டையை இறக்கும் முன்னரே அவளைக் கண்டுவிட்டீர்கள்.

"ஆரடா இந்தப் பெடியன்?"

"அண்ணை, வதனி."

"வதனியோ? அது என்ன கோலம்? மொட்டைச்சி மாதிரி. ஏய், இஞ்ச வா. ஆர் உனக்கு மயிர் வெட்டினது?"

"அம்மா வெட்டினவ பெரியப்பு. பிறகு நான் வெட்டினனான்."

"கேட்டியோடா தம்பி, அவவே வெட்டினவவாம்! கட்டை மயிரோட ஒரு குமர்ப்பிள்ளையைக் கண்டா ஆமிக்காரங்கள் என்ன நினைப்பாங்கள் எண்டு உன்ர மண்டைக்குள்ள ஏறாதோ? இவள் எங்க இருந்து வந்தவள், இயக்கத்தில எத்தினை வருசம் துவக்குத் தூக்கினவள் எண்டு கேப்பாங்கள். அப்ப நீ என்ன சொல்லுவாய்?"

"பேன் எண்டு சொல்லுவன்," என்றாள் வதனி. நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. மூட்டையை அவிழ்த்து, பாஸ்புத்தகங்களும் காணி உறுதியும் வைத்திருந்த பைக்குள் கையை விட்டு, வெள்ளைத் துணி சுற்றிய ஒன்றை வெளியே எடுத்தீர்கள்.

உங்கள் மகள் தேவியின் பின்னல். அவள் இயக்கத்துக்குப் போன விடியலில் தானே வெட்டித் தலையணையில் வைத்துவிட்டுப் போனது. போனவள் வரவில்லை. ஊர் ஊராக ஓடும்போது நீங்கள் நெல்லை விட்டீர்கள், மாட்டை விட்டீர்கள், அதை மட்டும் விடவில்லை. அது எனக்குத் தெரியும். ஓடுகிற வழியில் உங்கள் மார்போடு அந்தப் பை கிடந்ததைப் பார்த்துவிட்டு நான் அந்தப் பக்கம் போய் இருந்து அழுதிருக்கிறேன். அதை இதில் எழுதச் சொல்வது உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித்தர அல்ல. நடந்ததில் அதுவும் ஒன்று.

ஆனால் அந்தப் பின்னலை நீங்கள் உயிரோடு நின்ற ஒரு பிள்ளையின் தலையில் கட்டச் சொன்னீர்கள்.

"ஆரின்ர மயிர் இது?" என்று வதனி கேட்டாள்.

"கேள்வி கேளாதை. கட்டு."

மலருக்குப் பயம். அந்தக் காலத்தில் எல்லாத் தாய்மாருக்கும் அந்தப் பயம் இருந்தது. "பெரியப்பு சொல்லுறார் பிள்ளை, கட்டு," என்று கறுப்பு நூலாலும் ஊசியாலும் அதைப் பிடரியில் பொருத்தினாள். முழங்கை நீளப் பின்னல் முதுகில் தொங்கியது. வளையங்களையும் கழற்றச் சொன்னீர்கள். வதனி கண்ணாடிக்கு முன் போய் நின்றாள்.

"கழுத்தில ஆரோ பிடிச்சிழுக்கிற மாதிரிக் கிடக்கு அப்பு," என்றாள்.

நான் அன்றைக்கே உங்களிடம் வந்தேன். "அண்ணை, பிள்ளைக்குப் பிடிக்கேல்லை. இப்பதான் தன்ர முகத்தைத் தானே பாக்கத் தொடங்கினவள். விடுங்கோ."

"உனக்கு உலகம் தெரியுமோ? ஒரு எழுத்துத் தெரியுமோ? ஒரு சிங்களச் சொல்லுத் தெரியுமோ? வாயை மூடிக்கொண்டு போய் மாட்டைப் பார்."

மாடே இல்லாத காலத்தில் மாட்டைப் பார்க்கச் சொன்னீர்கள்.

அவளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க முருங்கனுக்குப் போனோம். நீங்கள், நான், அவள். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் வெளியே வரிசையில் நின்றோம். பெண்களைச் சாக்கு மறைப்புக்குப் பின்னால் பெண் பொலிஸ் சோதித்தது. மழை பெய்து விட்டிருந்தது, நிலமெல்லாம் சேறு.

மறைப்புக்குப் பின்னால் இருந்து ஒரு கத்தல். ஒரு பெண் பொலிஸ் வெளியே வந்தாள், கையில் அந்தப் பின்னல் பாம்பு போலத் தொங்கியது. பின்னால் வதனி, கட்டை மயிரும் தள்ளிய காதும் எல்லோருக்கும் தெரிய. "மே மொகத்த? மே மொகத்த?" என்று அந்தப் பெண் எல்லோரையும் கேட்டாள். இது என்ன என்று கேட்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தே விளங்கியது. பொய்மயிர் கட்டி மறைத்துக்கொண்டு போகிற ஒரு குமர்ப்பிள்ளை. நீங்கள் எதற்குப் பயந்து கட்டச் சொன்னீர்களோ, அதே சந்தேகத்தை அந்தப் பின்னலே கொண்டுவந்தது. வெறும் கட்டை மயிரோடு போயிருந்தால் ஒரு கேள்வியோடு விட்டிருப்பார்கள். முன்னால் நின்ற சனம் ஒதுங்கியது. துவக்கோடு நின்ற ஆமிக்காரன் ஒருவன் எங்களிடம் வந்து ஏதோ கேட்டான். கேட்டது உங்களைத்தான். இளந்தாரியாக அனுராதபுரப் பக்கம் அரிசி ஆலையில் நின்றதால் எங்கள் ஆட்களுக்குள் சிங்களம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் வதனியைப் பார்த்தீர்கள். பிறகு அவனைப் பார்த்துச் சொன்னது நீளமாக இருந்தது, ஆனால் முதல் சொல் "நே". எனக்குச் சிங்களம் தெரியாதுதான். அந்தச் சொல் தெரியும். முகாமில் நாங்கள் எதைக் கேட்டாலும் முதலில் காதில் விழுந்த சொல் அதுதான். இல்லை. எங்களுடைய பிள்ளை இல்லை.

நீங்கள் வரிசையில் ஓரடி தள்ளியும் நின்றீர்கள்.

நான் என் நெஞ்சில் அடித்து, "என்ர பேத்தி ஐயா, என்ர பேத்தி," என்று கத்தினேன். தமிழில் கத்தி என்ன பயன்? தோளில் கையை வைத்து என்னைப் பின்னால் தள்ளினார்கள். நான் உங்கள் சால்வையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணை, சொல்லுங்கோ! பேன் எண்டு சொல்லுங்கோ! உங்களுக்குத்தானே பாசை தெரியும்!" நீங்கள் சால்வையை என் கையில் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பினீர்கள்.

உங்களுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். அது யாருடைய மயிர் என்று கேட்டால் தேவியைச் சொல்ல வேண்டி வரும். அது விளங்குகிறது. விளங்குவதால் என் ஆத்திரம் ஒரு துளியும் குறையவில்லை.

அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒருவன் வந்தான். "நீ எங்க பயிற்சி? ஏன் பொய் முடி?" என்று அவளைக் கேட்டான். வதனி என்னைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள். நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவள் அதைக் கண்டுகொண்டாள். பிறகு இரண்டு கையையும் தூக்கித் தன் தலையைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்தாள். மயிருக்குள் இருந்து எதையோ பிடிப்பது போல இரண்டு விரலால் இழுத்து, ஒரு பெருவிரல் நகத்தில் வைத்து, மற்ற நகத்தால் அழுத்தி, நாக்கால் 'டிக்' என்றாள். திரும்பவும் பிடித்தாள், திரும்பவும் 'டிக்'. பிறகு இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கித் தலையைச் சுற்றி வெட்டிக் காட்டினாள். தாய் துரத்த, தான் ஓட, தாய் பிடிக்க, எல்லாம் அந்தச் சேற்றுக்குள் நின்றபடியே நடித்துக் காட்டினாள்.

பின்னலை வைத்திருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் வயது கூடின இன்னொரு பெண் பொலிஸ் நின்றாள். அவளுக்குத்தான் முதலில் விளங்கியது. "உக்குணோ!" என்று சொல்லித் தானும் தொப்பிக்குள் கையை விட்டுச் சொறிந்தாள். "உக்குணோ, உக்குணோ!"

"ஓம், உக்குணோ!" என்றாள் வதனி. அந்தச் சொல்லின் பொருள் அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. வயது கூடினவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துவக்குக்காரனும் சிரித்தான். பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, அந்தியில் விட்டார்கள். பின்னலைச் சேற்றில் போட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் என்னிடம் ஓடி வந்தாள். நீங்கள் அவளிடம் வரவில்லை. குனிந்து அந்தப் பின்னலை எடுத்தீர்கள். சால்வை என்னிடம் இருந்ததால் வேட்டித் தலைப்பால் அதைத் துடைத்தீர்கள். ஒவ்வொரு பிரியாகத் துடைத்தீர்கள். எங்களுடையது இல்லை என்று சொன்ன பிள்ளை பக்கத்தில் விம்மிக்கொண்டு நின்றது. நீங்கள் மயிரைத் துடைத்துக்கொண்டு நின்றீர்கள்.

பஸ் எப்போதோ போய்விட்டது. நடந்துதான் வந்தோம், நீங்கள் முன்னால், நாங்கள் பின்னால். வழியில் நான் அவளுக்கு அது யாருடைய பின்னல் என்று சொன்னேன். அவள் நடையை நிறுத்திவிட்டாள்.

"தேவிச் சித்தின்ர எண்டு முதலே சொல்லியிருந்தா நான் கும்பிட்டு வைச்சிருப்பன் அப்பு. ஏன் என்ர தலையில கட்டினவர்?"

அதற்குப் பதில் கல்வெட்டிலும் இல்லை.

மறுநாள் காலை அவள் கண்ணாடிக்கு முன் நின்று மயிரை இன்னும் கொஞ்சம் கட்டையாக வெட்டினாள். வளையத்தைப் போட்டாள். அதே பஸ்ஸில், அதே சாவடியால், என்னோடு முருங்கனுக்குப் போய்ச் சப்பாத்து வாங்கி வந்தாள். வயது கூடின பெண் பொலிஸ் அவளைக் கண்டதும் தலையைச் சொறிந்து காட்டினாள். வதனியும் சொறிந்து காட்டினாள். சோதனை அவ்வளவுதான்.

நீங்கள் அதோடு விட்டீர்களா? இல்லை. அடுத்த தையில் முதல் வெள்ளாமை விளைந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு எங்கள் வயலில் நெல். புது நெல்லின் முதல் கதிரை வீட்டுக்குக் கொண்டுவரும் புதிர்ச் சடங்குக்கு, மூத்தவர் என்று நீங்கள்தான் முதல் கதிரை வெட்டினீர்கள். கதிரை வாசலில் விளக்கோடு வாங்குவதற்குக் குடும்பத்துக் குமர்ப்பிள்ளை நிற்க வேண்டும். அது வதனிதான், வேறு யார் இருந்தார்கள்? நீங்கள் அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு நிறுத்தினீர்கள்.

"தலையில மயிர் முளைக்கட்டும், பிறகு விளக்குப் பிடிக்கலாம்," என்று சனம் கேட்கச் சொன்னீர்கள்.

மலர் உள்ளே போய் அழுதாள். வதனி வெளியே வந்தாள். அந்தத் தைத்த சட்டை, சிவப்பும் பச்சையுமாக வயர் வளையம், சரித்து வெட்டின மயிர். விளக்கைக் கேட்கவில்லை, கதிரைக் கேட்கவில்லை. பந்தியில் எல்லோருக்கும் நடுவில் இருந்து இலையைக் கழுவினாள். "எனக்கும் புதுச்சோறு போடுங்கோ," என்றாள். பக்கத்தில் இருந்த மனிசி ஒருத்தி அவளின் தோள் தையலைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிள்ளை, இது ஆர் தைச்சது?"

"நான்தான் மாமி."

"என்ர மகளுக்கும் ஒரு நிவாரணச் சேட்டு ஆனைக்குத் தைச்ச மாதிரித் தொங்குது. இப்பிடிப் பிடிச்சுத் தருவியோ?"

"கொண்டுவாங்கோ. காதுக்கும் வேணுமோ?"

பந்தி சிரித்தது. நீங்கள் சோற்றை அப்படியே விட்டு எழும்பினீர்கள். இவள் இந்தக் கோலத்தில் இருக்கும்வரை இந்த வாசல் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிப் படலையைச் சாத்திவிட்டுப் போனீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். அந்த ஒன்றில் கல்வெட்டுக்காரர் சொன்னது உண்மை. ஒரே ஒழுங்கையில் இருந்துகொண்டு, சாகும்வரை வரவில்லை. நீங்கள் வருத்தத்தில் படுத்தபோது அவள் கஞ்சி கொண்டு வந்தாள், வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு முகம் காட்டவில்லை. இதை எழுதும்போது அவள் 'பாவம்' என்கிறாள். அவள் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.

இன்றைக்கு அவளுக்கு முருங்கனில் ஒரு தையல் கடை. பள்ளிக்கூடம் விட்டால் பெட்டையள் வந்து நிற்பார்கள். ஒருத்திக்குத் தான் கறுப்பு என்று கவலை, ஒருத்திக்குத் தான் மெலிவு என்று கவலை. அவள் அவர்களைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, "முதல்ல வடிவாப் பார். என்னத்தை மறைக்க நினைக்கிறியோ அதை எனக்குக் காட்டு," என்பாள். அளவு அதற்குப் பிறகுதான் எடுப்பாள்.

போன மாதம் எனக்கும் ஒரு சேட்டுத் தைத்தாள். போட்டுப் பார்த்தபோது பொக்கற் வலப்பக்கம் இருந்தது. பிழையாகத் தைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"பிழையில்லை அப்பு. நீங்கள் வெத்திலை எடுக்கேக்க எப்பவும் இடக்கைதான் முதல்ல எழும்புது. பிறகு நிண்டு, வலக்கையால எடுக்கிறியள். கனநாளாப் பாத்துக்கொண்டு வாறன்."

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு விட்ட முதல் கிழமையில் நான் சிலேற்றுப் பென்சிலை இடக்கையால் பிடித்தேன் என்று, அந்தக் கையை நாரால் முதுகோடு கட்டிவிட்டது நீங்கள். பீச்சைக்கையன் எங்கள் குடும்பத்தில் இல்லை என்றீர்கள். வலக்கையால் எனக்கு ஒரு கோடு இழுக்க வரவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் திரும்பிப் போகவில்லை. பிறகு ஆயுள் முழுக்க, உனக்கு ஒரு எழுத்துத் தெரியுமோ என்று என்னைக் கேட்டதும் நீங்கள்தான்.

இப்போது சேட்டின் வலப்பக்கத்தில் வெற்றிலைச் சுருள் இருக்கிறது. இடக்கையை நேராகக் கொண்டுபோய் எடுக்கிறேன். முதல் சில நாள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு எடுத்தேன். இப்போது பார்ப்பதில்லை.